மூன்றாவது பிரியாவிடை

கள்ளக்குறிச்சி
22 ஜனவரி 2025

தர்ஷினி அப்பாவுக்கு,

இங்கு நானும் தர்ஷினியும் நலம். ஊர் ஊராக ஓடும் அந்தப் பேருந்துக்குள் உங்கள் நலம் எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. போனில் பேசும்போதெல்லாம் உங்களுக்குப் பின்னால் யாரோ எதையோ உருட்டிக்கொண்டு போகிறார்கள். நான் ஒன்று கேட்க வாயெடுத்தால் "ஒரு நிமிஷம் மதி" என்கிறீர்கள். அந்த நிமிஷம் மறுநாள்தான் முடிகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே வர மாட்டார்கள். அதனால் இதில் கேட்கிறேன்.

தர்ஷினிக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. ஆகஸ்டில் எந்தக் கல்லூரி கிடைத்தாலும் விடுதிதான். வருடத்துக்கு ஒரு மாதம் பெட்டியோடு வந்து போகும் அப்பாவை அவளுக்குத் தெரியும். காலையில் பல் தேய்த்துவிட்டுப் பேப்பருக்குச் சண்டை போடும் அப்பாவைத் தெரியாது. அவள் கிளம்புவதற்கு முன்னால் சில மாதமாவது நாம் மூவரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

இந்தப் பயணம் மார்ச்சில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நிகழ்ச்சியோடு முடிகிறது என்கிறார்களே, நம்பலாமா? உங்கள் கிளாஸ் ட்ராம்ஸ் பாட்டுக் குழுவின் சரித்திரம் எனக்கு நம் இரண்டு வீட்டு வம்சாவளியைவிட நன்றாகத் தெரியும். எழுபத்தொன்பதில் கார் ரிப்பேர் கொட்டகையில் நாலு பையன்கள் ஆரம்பித்தது. எண்பத்திரண்டில் ஒரே பாட்டில் உலகமெல்லாம் பேர் வாங்கியது. தொண்ணூறில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் பிரிந்தது. டிரம்ஸ்காரர் செத்துப் போனது. கிட்டார்காரர் குழுவின் பேருக்கு வழக்குப் போட்டு, அவர் ஒரு கிளாஸ் ட்ராம்ஸ், இவர்கள் ஒரு கிளாஸ் ட்ராம்ஸ் என்று ஒரே கோடையில் இரண்டு குழு சுற்றியது. பிறகு சமாதானம். 2013இல் பிரியாவிடைப் பயணம். நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று அப்போது வீட்டுக்கு வெள்ளையடித்தேன். 2018இல் மறுபடி பிரியாவிடை. இது மூன்றாவது.

நேற்று பக்கத்து வீட்டு ஜெயம்மாள் கேட்டாள். "இன்னா டீச்சர், அந்தப் பாட்டுக்காரங்க இன்னும் ரிடைர் ஆவலியா?"

"மார்ச்சுல ஆயிடுவாங்க."

"போன தபாவும் இதத்தான் சொன்ன. கட்னவன் வூட்டுக்கு வர்றதுக்கு வெள்ளக்காரன் மனசு வெக்கணுமா? நல்லா கீது போ!"

சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். கதவைச் சாத்திய பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டைக்கு உள்ளே பனியன் போடுங்கள்.

அன்புடன்
மதி


லைப்ஜிக்
11 பிப்ரவரி 2025

அன்பு மதி,

உன் கடிதம் குழுவின் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து எங்கள் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்து இந்த ஓட்டலில் பிடித்தது. ஜெயம்மாளிடம் சொல், வெள்ளைக்காரன் மனசு வைத்துவிட்டான். மார்ச் 22 ஷெஃபீல்டு. அதோடு சரி. பாடகர் நைஜலே ஒவ்வொரு ஊரிலும் மேடையில் சொல்கிறார். பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் முன்வரிசையில் நின்று அழுகிறார்கள்.

முன்பு இந்த பஸ்ஸின் குளிர்ப்பெட்டியில் பீர் இருக்கும். இப்போது இன்சுலின் இருக்கிறது. நைஜலுக்கு எழுபது. பாடி முடித்ததும் அவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் படி இறக்குகிறோம். மேடையில் குதிக்கிற குதியைப் பார்த்தால் நீ நம்ப மாட்டாய்.

பதினாறு வருஷமாக என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். கீபோர்டு வாசிக்கிற டெரெக்கின் பழைய சிந்தசைசர் என் வயசுப் பொருள். விளக்குச் சூடு பட்டால் சுருதி ஏறும், குளிரில் இறங்கும். அது இல்லாமல் அவர்கள் பாட்டு அவர்கள் பாட்டாக இருக்காது. நிகழ்ச்சி முழுக்க மேடைக்குப் பின்னால் கறுப்புத் துணி மறைவில் உட்கார்ந்து அதைக் கவனித்துக்கொண்டே இருப்பேன். டெரெக் வேறு யாரையும் தொட விட மாட்டார். காலையில் எழுந்ததும் "மாறன் எங்கே?" என்றுதான் கேட்கிறார். மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்கு மைக் செட் கட்டியவனுக்கு இது போதாதா, சொல்.

தர்ஷினிக்குக் கணக்கு எப்படிப் போகிறது? ஏப்ரலில் வந்து அவளோடு கல்வராயன் மலை அருவிக்கெல்லாம் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

உன்
இளமாறன்


கள்ளக்குறிச்சி
6 ஏப்ரல் 2025

தர்ஷினி அப்பாவுக்கு,

ஷெஃபீல்டு முடிந்த மறுநாளே கோடை விழாக்கள் என்று ஊர்ப் பெயர்களை வரிசையாகப் போட்டுவிட்டார்கள். நீங்கள் சொல்வதற்கு முன் தர்ஷினி போனில் பார்த்துச் சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து, "வுடும்மா. எனக்குப் பழகிடுச்சி" என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல ஒரு வேலையாவது இருந்திருக்கும்.

இன்னொரு செய்தி. தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. மே மாதம் கலந்தாய்வு. சமவெளியில் இருக்கிற இடமெல்லாம் முன்னால் இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு மிஞ்சுவது கரியாலூர் பக்கத்துப் பள்ளிதான். மலைக்குப் போக யாரும் கை தூக்குவதில்லை. தினமும் போய்வர முடியாது, அங்கேயே தங்க வேண்டும்.

போன முறை பட்டியலில் பெயர் வந்தபோது பதவி உயர்வைத் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். நீங்கள் வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது என்று. எழுதிக் கொடுத்தால் மூன்று வருடம் வாய் திறக்க முடியாது. அந்த மூன்று வருடமும் போய்விட்டது. இம்முறை துறந்தால் அடுத்து எப்போது என்று எனக்குத் தெரியாது.

நான் என்ன செய்யட்டும்? நீங்கள் வருவதாக இருந்தால் இங்கேயே இருக்கிறேன். இதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் சொல்லிவிடுங்கள்.

மதி


பிரைட்டன்
29 ஏப்ரல் 2025

அன்பு மதி,

திட்டு. போனிலும் திட்டாமல் கடிதத்திலும் திட்டாமல் நீ எழுதுவதைப் பாதிப் பாதியாகத்தான் படிக்க முடிகிறது.

கோடை விழாக்கள் எல்லாம் ஏற்கெனவே பேசி வைத்தது போல. என்னிடம் யாரும் கேட்கவில்லை. மேலே யாரோ முடிவு செய்கிறார்கள், பெட்டியைக் கட்டு என்றால் கட்டுகிறோம். என் கையில் ஒன்றும் இல்லை மதி. அவர்கள் நிறுத்தினால்தான் நான் வர முடியும். ஜூலையோடு விழாக்கள் முடிகின்றன. தர்ஷினி கிளம்புவதற்கு முன் நான் வாசலில் நிற்பேன்.

மலை எதற்கு உனக்கு? குளிரும் மழையும், தனியாக. எழுதிக் கொடுத்துவிடு. நான் வந்ததும் நாம் மூவரும் கள்ளக்குறிச்சியில்தான்.

டெரெக்குக்கு உடம்பு அவ்வளவு சரியில்லை. அது வேறு கதை.

உன்
இளமாறன்


கள்ளக்குறிச்சி
15 ஜூன் 2025

தர்ஷினி அப்பாவுக்கு,

கலந்தாய்வு நடக்கவில்லை. யாரோ வழக்குப் போட்டதில் ஆகஸ்டுக்குத் தள்ளிப் போய்விட்டது. அதனால் நானும் இன்னும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

தர்ஷினி பாஸ். மதிப்பெண்ணை போனில் சொல்லியிருப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு உங்கள் பிரைட்டன் நிகழ்ச்சியை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய அந்தப் பெரிய பாட்டு. திடீரென்று என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க வாயேன். இந்தத் தாத்தா கைய எடுத்துட்டாரு. சத்தம் மட்டும் வந்துக்கினே கீது."

டெரெக் ஒரு கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கை கருவியின் விளிம்பைப் பிடித்திருந்தது. விழாமல் இருப்பதற்குப் பிடித்த மாதிரி. வாசிப்பு நிற்கவில்லை. இரண்டாம் முறை ஓட விட்டபோது நான் படத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு வரியின் கடைசிச் சுரத்தையும் நேராக விடாமல் கொஞ்சம் வளைத்து, இழுத்து, நாயனக்காரர் மாதிரி விடுகிற ஒரு பழக்கம் உங்களுக்கு உண்டு. திருவிழாவில் மைக் டெஸ்ட் செய்கிற சாக்கில் உங்கள் சின்ன காசியோ கீபோர்டில் சினிமாப் பாட்டை வாசித்துக்கொண்டு என் அக்கா வீட்டுப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தீர்களே, அந்த வளைவு. பழைய பதிவுகளில் டெரெக்கிடம் அது இல்லை. தேடிக் கேட்டேன்.

எத்தனை வருடமாக நீங்கள் வாசிக்கிறீர்கள்?

ஏமாற்றுகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் மெதுவாக உறைத்தது. அவர்கள் நிறுத்தினால் வருகிறேன் என்று இத்தனை காலம் எழுதினீர்கள். நானும் முகம் தெரியாத கிழவர்களை மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன், போதும், வீட்டுக்குப் போங்கள் என்று. அந்தக் கருவி இல்லாமல் பாட்டு இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் கையை எடுத்தால் கிளாஸ் ட்ராம்ஸ் அன்றே முடிந்துவிடும் அல்லவா? நான் கேட்க வேண்டியது உங்களைத்தானா?

மதி


டர்பி
13 ஜூலை 2025

அன்பு மதி,

இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன பிரியாவிடைக்கு அடுத்த வருஷம் டெரெக்குக்கு விரல் நடுங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு பாட்டுக்கு மட்டும் உதவி செய் என்றார். பிறகு இரண்டு. இப்போது முழுக்க நான்தான், துணி மறைவில் அவர் சிந்தசைசரோடு ஒயர் போட்டு இணைத்த இன்னொரு கீபோர்டில். பேருந்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். வெளியே தெரிந்தால் அவருக்கு அவமானம். அதனால் உனக்கும் சொல்லவில்லை. அது மட்டும்தான் காரணமா என்று கேட்டால், இல்லை.

அங்கே வந்தால் நான் யார் மதி? கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஸ்பீக்கர் கட்டப் போவேன். இங்கேயும் எனக்குப் பேர் கிடையாது, முகம் கிடையாது. ஆனாலும் அந்தத் துணிக்குப் பின்னால் நான் முதல் சுரத்தைத் தொட்டதும் வயல்வெளி மாதிரி நிற்கிற அத்தனை ஜனமும் ஒரே நேரத்தில் கத்துகிறது. அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு டெரெக்கிடம் சொன்னேன். மகள் கல்லூரிக்குப் போகிறாள், நான் போக வேண்டும் என்று. அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மறுநாள் மத்தியானம் ஒத்திகையில் தானே போய் உட்கார்ந்து, என் கீபோர்டிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வாசித்தார். விரல் ஒரே கட்டையில் திரும்பத் திரும்ப அடித்தது. ஆணி அடிக்கிற மாதிரி. நைஜல் பாடுகிறதை நிறுத்தாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். லைட் பையன்கள் எல்லாம் தலையைக் குனிந்து ஒயர் சுற்றுகிறார்கள். நான் போய் ஒயரைச் செருகிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். நான் முடிவு செய்யவில்லை மதி, கை தானாகப் போய்விட்டது.

அடுத்த வருஷம் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் பேசிவிட்டார்கள். ஒரே ஒரு வருஷம். தர்ஷினியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீயே சொல்லிவிடேன்.

இளமாறன்


கரியாலூர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள இளமாறன்,

தர்ஷினியை ஆகஸ்டில் கோயம்புத்தூரில் விட்டுவிட்டு வந்தேன். பாயும் வாளியும் தலையணையுமாக நாங்கள் இருவர் மட்டும் பஸ்ஸில் போனோம். அறையில் சுபஸ்ரீ என்று ஒரு பெண், நாமக்கல் பக்கம். நான் கட்டிலுக்கு விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது தர்ஷினி போனில் உங்கள் பாட்டை ஓட விட்டு, "எங்கப்பா வாசிக்கிறது" என்றாள்.

"இதுல எங்கடி இருக்காரு?"

"தெரிய மாட்டாரு. கேளு, வர்றாரு பாரு."

இரண்டு பெண்களும் ஒரு காதுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு கேட்டார்கள். நான் விரிப்பின் நான்கு முனையையும் செருகி முடித்து, மறுபடி எடுத்து மறுபடி செருகினேன்.

கலந்தாய்வில் என் முறை வந்தபோது அதிகாரி, "துறப்பா மேடம்?" என்று அவராகவே பேனாவை எடுத்தார். கரியாலூர் என்றேன். பக்கத்தில் இருந்தவர் பரிதாபமாகப் பார்த்தார்.

கோபம் வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். முயன்று பார்த்தேன். டெரெக் மேல் கோபப்படலாம் என்றால் அந்த ஆணி அடிக்கிற விரல் வந்து நிற்கிறது. உங்கள் மேல் படலாம் என்றால், பதினாறு வருடம் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதரை எழுந்து வா என்று எந்த வாயால் கூப்பிடுவேன்? வந்தாலும் உங்கள் காதில் அந்த ஜனத்தின் சத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். நான் குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொல்லும்போதும் இருக்கும். நீங்கள் கேட்ட ஒரு வருடத்தைக் கொடுக்கவும் எனக்குத் தெரியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை.

இங்கே மத்தியானத்துக்கு மேல் மழை. பள்ளிக்குப் பின்னால் மரவள்ளி போட்டிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் ஒரு பெண் நான் பேசும்போதெல்லாம் என் வாயையே பார்க்கிறாள், வீட்டில் வேறு மாதிரி பேசுவார்களாம். தங்குகிற அறையில் ஜன்னல் கொக்கி சரியில்லை. ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

முதல் இரண்டு சனிக்கிழமையும் இறங்கி வந்து கள்ளக்குறிச்சி வீட்டைத் திறந்து, பெருக்கி, உங்கள் மெத்தையை வெயிலில் போட்டுவிட்டு ஞாயிறு ஏறினேன். நேற்றும் பையோடு நிறுத்தத்துக்குப் போனேன். பஸ் வந்தது. கண்டக்டர், "ஏறுங்க டீச்சர், லேட்டாவுது" என்றார். "இல்லீங்க, நீங்க போங்க" என்றேன். "அப்ப எதுக்குப் பையோட நின்னுக்கினு கீறீங்க?" என்று சிரித்துக்கொண்டே விசிலடித்தார். பஸ் வளைவில் இறங்கும்வரை நின்றுவிட்டு அறைக்கு வந்து, பையில் இருந்ததை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

கடிதம் போடுவதானால் பள்ளி முகவரிக்கே போடுங்கள். வரும் தேதி எதையும் எழுத வேண்டாம். வீட்டுச் சாவி ஜெயம்மாளிடம் இருக்கிறது.

எழில்மதி