சூலு அரசனின் கடைசி வசனம்

ஞாயிற்றுக்கிழமை உன் மகள் ஆரணி கொண்டுவந்த வீடியோ கசெட் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் உன் வீட்டு வாசம் அடிக்கிறது, சிகரெட்டும் சாம்பிராணியும் கலந்த அதே வாசம். அட்டையில் உன் கோணல் எழுத்தில் "சூலு ராசா, முழுக்கதை" என்று எழுதியிருக்கிறாய். எத்தனை முறை டெக்கில் போட்டு எடுத்தாயோ, ஓரமெல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது.

ஆரணி இரண்டு காரியம் கேட்டு வந்தாள். உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டு என்கிற நினைவு மலரில் நான் ஒரு பக்கம் எழுத வேண்டும். அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் மண்டபத்தில் போட்டுக் காட்ட, இந்தக் கசெட்டிலிருந்து மூன்று நிமிடத்தைத் தெரிவுசெய்து கொடுக்க வேண்டும். "அப்பாவைப் பற்றி உங்களை விட ஆருக்கு மாமா கூடத் தெரியும்?" என்றாள். நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பண்பாளர், பாசத்தின் உறைவிடம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அச்சுக்குப் போகிற பக்கத்தை யாராவது எழுதட்டும். இது உனக்கு மட்டும்.

உன் செத்தவீட்டிலும் எனக்குப் பொறாமை வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிரை போதாமல் சனம் சுவரோடு நின்றது. துன் நகரத்திலிருந்து ரயிலேறி வந்திருந்தார்கள், ஆராவிலிருந்து மூன்று கார் வந்திருந்தது. உன்னோடு வேலைசெய்த சுவிஸ்காரர்கள் கறுப்புக் கோட்டுப் போட்டு வந்து அழுதார்கள். நான் உன் தலைமாட்டில் நின்றுகொண்டு என் செத்தவீட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் பார்த்தேன். பெட்டிக்குள் கிடக்கும்போதும் உன் தலைமயிர் அடர்த்தியாகத்தான் இருந்தது. அதையும் பார்த்தேன். என்ன மனிதன் நான் என்று நீ கேட்பாய். உன் கூட்டாளிதான், மச்சான்.

நாங்கள் இரண்டு பேரும் சுவிஸில் இந்த வில் நகரத்துக்கு வந்தது ஒரே மாதம். ஜன்னல் செய்கிற அதே தொழிற்சாலை, அதே மேசை. நீ சட்டம் பொருத்துவாய், நான் ரப்பர் பட்டி ஒட்டுவேன். வதிவிட பெர்மிட் உனக்கு முதலில் வந்தது. மேலாள் உன்னைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவான், என்னை "உன் நண்பன்" என்பான். ஆனால் ஒன்றில் மட்டும் நான் உன்னை விட மேலே இருந்தேன். எனக்கு ஜெர்மன் பிடிபட்டிருந்தது. உனக்கு "குட்டன் மோர்கன்" தாண்டினால் வேர்க்கும்.

அதனால்தான் அந்தத் தொடர் ஜெர்மன் தொலைக்காட்சியில் பாகம் பாகமாக வந்தபோது நீ என்னைத் தேடி வந்தாய். சூலு வீரர்களின் அரசனைப் பற்றிய சரித்திரப் படம். அப்பன் கைவிட்ட பிள்ளை. தாயோடு சேர்த்துத் துரத்தப்பட்டு, போன ஊரிலெல்லாம் கேலிபட்டு வளர்கிறான். பிறகு கட்டை ஈட்டி ஒன்றைச் செய்வித்து, படை திரட்டி, நாட்டையே பிடிக்கிறான். கடைசியில் சொந்தத் தம்பிமாரே அவனைக் குத்திக் கொல்கிறார்கள். நீ பாஷை விளங்காமலே எல்லாப் பாகத்தையும் டெக்கில் பதிந்து வைத்திருந்தாய். "மச்சான், இது எங்கட சனம் பாக்கவேண்டிய படமடா. நீ தமிழில எழுது. நாங்கள் குரல் குடுப்பம்" என்றாய்.

உன் டெக்கில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அமத்தினால் படம் மாறாமல் இருக்க, சத்தம் மட்டும் அழிந்து புதுச் சத்தம் பதியும். அடுத்த பொங்கல் விழாவில் பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டுக் காட்டுவது என்று முடிவாயிற்று. இரண்டு மாதம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் எழுதினேன். ஒரு முழுக் கொப்பி முடிந்தது. எழுதும்போது ஒவ்வொரு வசனத்தையும் அரசனாக நின்று சொல்லிப் பார்ப்பேன். எங்கள் கட்டடத்து வாஷ்கூஷிச் சலவையறையில், எங்களுக்கு உடுப்புத் தோய்க்கும் முறை வருகிற புதன்கிழமைகளில், மெஷின் சுற்றுகிற சத்தத்துக்கு மேலாகப் படைக்குக் கட்டளை போடுவேன். ஒருநாள் மேல்வீட்டுச் சுவிஸ்காரி கூடையோடு உள்ளே வந்தவள், நான் தடியும் கையுமாக நின்றதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, நான் நாளைக்கு வாறன்" என்று போய்விட்டாள்.

குரல் தெரிவுக்கு விழா நடத்துகிற தர்மு அண்ணை வந்தார். மைக் அவருடையது, அதனால் தீர்ப்பும் அவருடையது. நான் பேசினேன். நீ பேசினாய். அண்ணை வெற்றிலையை மென்றுகொண்டு, "ராசா அவன்தான். நீ நல்லா எழுதிறாய் தம்பி. கொல்லுற தம்பிக்காரனுக்கு நீ குரல் குடு" என்றார். தம்பிக்காரனுக்கு முழுப் படத்திலும் ஏழு வசனம். அதிலும் இரண்டு வெறும் இருமல். எனக்கு நல்லாய்த் தெரியும், எழுதியவன் நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை இங்கே யாரும் சத்தம் போடக் கூடாது, மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரையும் கூடாது. ஆகவே சூலுப் படையின் யுத்தமெல்லாம் சனிக்கிழமை காலை பத்துக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முன் முடிந்தாக வேண்டும். உன் வீட்டு ஜன்னலில் போர்வை தொங்கவிட்டோம். பறைக்குப் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தட்டினோம். அரசனின் தாய்க்கு என் மனைவி வதனி குரல் கொடுத்தாள். அவள் வந்து ஒரு வருசம் ஆகவில்லை, வாய் திறந்து கதைக்காத பெண். ஆனால் மைக்குக்கு முன்னால் நின்றதும் ஆள் மாறிவிட்டாள்.

நீ என் கொப்பியைக் கையில் வைத்திருப்பாய், ஆனால் பார்க்க மாட்டாய். அரசன் நாட்டைப் பிடித்துத் தாயிடம் வருகிற கட்டத்துக்கு நான் எழுதியது, "அம்மா, ஆட்சி நமதாயிற்று." மூலத்தில் உள்ளது அதுதான். நீ அதை விட்டுவிட்டு, "அம்மா, எங்களைக் கலைச்ச ஊருக்கு உன்னை ராணியாக் கூட்டிக்கொண்டு போறன்" என்றாய். வதனி தன் வசனத்தைச் சொல்லவில்லை. அழுதாள். அந்த அழுகையே பதிவாகிவிட்டது. தர்மு அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை அழிக்கப்படாது" என்றார். நான் மூலத்தில் அப்படி இல்லை என்று சொன்னேன். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று வீடு திரும்பும்போது வதனியோடு நான் கதைக்கவே இல்லை. அவளுக்குக் காரணம் தெரியவில்லை. தன் குரல் பிழையாகிவிட்டதோ என்று இரண்டு தரம் கேட்டாள். என் மனைவியை நான் ஒருநாளும் ஒரு வசனத்தால் அழவைத்ததில்லை.

கடைசிக் கட்டத்தை நீ ஒரே தடவையில் பேசி முடித்தாய். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை நீ காலை ஷிஃப்ட், நான் மாலை. உன் வீட்டுக் கதவுத் திறப்பு ஒன்று என்னிடம் இருந்தது. என் இருமல் சரியாகப் பதிந்ததா பார்க்கப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன், எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். போய்ப் போட்டுப் பார்த்தேன். குத்துப்பட்டு விழுகிற அரசன் தம்பியைப் பார்க்கிறான். உன் குரல் வருகிறது. இரண்டு தரம் கேட்டேன். மூன்றாம் தரம் சிவப்புப் பொத்தானை அமத்தினேன்.

உன் தொண்டையைப் போலவே கரகரப்பாக்கிப் பேசினேன். புதன்கிழமைப் பயிற்சி வீண்போகவில்லை. "தம்பி, உன்னை நான் முதுகிலே சுமந்தவன். குத்துவதென்றால் முன்னால் வந்து குத்து." பிறகு என் சொந்தக் குரலில் இருமினேன். கொன்றவனும் நான், செத்தவனும் நான். உன் குரல் அந்த இடத்தில் இல்லாமலே போயிற்று, திரும்ப எடுக்க வழியில்லை. ஏன் செய்தேன்? நான் அரசனாகப் பேசினால் சனம் என்ன செய்யும் என்று ஒருதரமாவது பார்க்க வேண்டும் போலிருந்தது. வேறு காரணம் எத்தனையோ பிறகு சோடித்துப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை.

பொங்கல் விழாவில் அந்தக் கட்டம் வந்ததும் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. யாருக்கு? உனக்கு. இருட்டில் உன் முதுகில் தட்டினார்கள், உன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். களவெடுத்தவன் நான், கைதட்டு உனக்கு. எனக்குப் பற்றி எரிந்தது. நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என் பக்கம் குனிந்து, "மச்சான், தேத்தண்ணி குடிப்பமோ?" என்றாய். அவ்வளவுதான். தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் ஒருவனுக்கும் அடையாளம் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன். முப்பது வருசமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆரணி கசெட்டோடு, அதிலுள்ளதை ஒரு ஸ்டிக்கிலும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் டிவியில் செருகி, நேரே கடைசிக்கு ஓட்டினாள். "மாமா, மூண்டு நிமிசம் எண்டால் இதுதான். இதில அப்பான்ர குரலைக் கேளுங்கோ" என்றாள். அரசன் விழுந்தான். என் குரல் வந்தது. உன் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். செத்த பிறகும் இதை நீயே கொண்டுபோகப் போகிறாய். கல்வெட்டு, மண்டபம், சனம் எல்லாம் உனக்கு. நான் பேசியதற்கு அழுகிற ஒரே பிள்ளையும் உனக்காக அழுகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் உன் மகளிடம் தகப்பனின் குரல் இருக்கும். திறந்தால் அதையும் பறித்தவன் ஆவேன். இவ்வளவும் எனக்கு விளங்கியது. விளங்கியும் வாய் திறந்துவிட்டது.

"பிள்ளை, அது அப்பா இல்லை. நான்."

அவள் விளங்காமல் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், சிவப்புப் பொத்தான் வரைக்கும். தேத்தண்ணித் தட்டோடு வந்த வதனி அப்படியே நின்றுவிட்டாள். "முப்பது வருசமா இதை வயித்துக்க வைச்சிருந்தனீங்களோ?" என்றாள்.

ஆரணி ரிமோட்டைக் கையில் திருப்பினாள். பிறகு கேட்டாள், "அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நான் சொல்லேல்லை."

"இல்லை மாமா. தெரியும்." கண்ணைத் துடைத்தாள். "ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அப்பா இதைப் போட்டுப் பாப்பார். தான் கதைக்கேக்க சும்மா இருப்பார், எழும்பிப் போய் சிகரெட் கூடப் பத்துவார். இந்தக் கடைசி இடம் வந்தால் மட்டும் ஓடிவந்து சத்தத்தைக் கூட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தட்டப்போறினம் எண்டு அம்மா ஏசுவா. 'பொறு, இதைக் கேள், இப்பிடி ஒருத்தராலயும் கதைக்கேலாது' எண்டுவார். நான் தன்னைத்தானே புகழுறார் எண்டுதான் இவ்வளவு நாளும் சிரிச்சனான்."

அவள் ஸ்டிக்கைக் கழற்றிக்கொண்டே, "இதையேதான் போடப்போறன் மாமா. ஆரின்ர குரல் எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டாள். ஓம் சொல்லு என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. சொல்லிவிட்டுத்தான் வெட்கப்பட்டேன். அந்தியேட்டி மண்டபத்தில் யாரும் கைதட்ட மாட்டார்கள் என்பதும் அவள் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நீ ஒருதரமாவது கேட்டிருக்கலாம், மச்சான். தொழிற்சாலையில் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக நின்றோமே. ஏனடா அழித்தாய் என்று ஒரு வார்த்தை. நான் பொய் சொல்லியிருப்பேன், நீ ஏசியிருப்பாய், இரண்டு மாதம் கதைக்காமல் இருந்து பிறகு கதைத்திருப்போம். அப்போது கணக்கு நேராகியிருக்கும். நீ அதற்கும் இடம் தரவில்லை. நான் நன்றாகப் பேசியதை என்னை விட நன்றாகக் கேட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாய்.

இன்று காலை வதனி வேலைக்குப் போன பிறகு என் பழைய டெக்கை எடுத்து நானும் கசெட்டைப் போட்டுப் பார்த்தேன். என் இடத்தையல்ல. நீ தாயிடம் வருகிற இடத்தை. "எங்களைக் கலைச்ச ஊருக்கு" என்று நீ தொடங்கும்போது ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். முப்பது வருசத்தில் முதல் தடவை. மேல்வீட்டில் கதிரை இழுபட்டது, நான் குறைக்கவில்லை. எவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறாய். எனக்கு இன்னும் எரிகிறது.