பொருந்திய ஒற்றை வரி

ஜூன் 3, செவ்வாய்

ஒரு பார்சல் தொலைந்த தகராறு. அதைப் பற்றி ஆபீஸ் அரட்டையில் யார் என்ன எழுதினார்கள் என்று தேடித் தரும்படி மேலாளர் கேட்டார். பழைய அரட்டையெல்லாம் மாதவாரியாகச் சுருக்கிய கோப்புகளாகக் கிடக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்க யாரால் ஆகும்? கணினியின் கருப்புத் திரையில் இசட்கிரெப் என்ற தேடல் கட்டளையைத் தட்டிப் பார்சல் எண்ணைக் கொடுத்தேன். பிரிக்காமலேயே உள்ளே புகுந்து வேண்டிய வரிகளைத் துப்பியது. அனுப்பிவிட்டேன்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

எண் இருந்த இடத்தில் என் பட்டப்பெயரைப் போட்டேன். ஒட்டடை. ஒட்டடைக் குச்சி மாதிரி ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பதால் ஆபீசே அப்படித்தான் கூப்பிடும். முக்கால்வாசி வெட்டிப் பேச்சு. "ஒட்டடைகிட்ட சொல்லு, பிரிண்டர் மக்கர் பண்ணுது." பிறகு, மேலாளருக்குச் சுண்டெலி தனியாக எழுதிய ஒரு வரி: "ஒட்டடைக்கு டீம் லீடர் வேலை சரிப்படாது சார், வேற ஆளைப் பாருங்க."

சுண்டெலியா! அவளுக்கு ஆபீஸ் வைத்த பட்டப்பெயர் அது. பக்கத்து மேசை. ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள்.

ஜூன் 4

தூக்கமே இல்லை.

ஜூன் 5, வியாழன்

கேட்டுவிட்டேன். எல்லோர் முன்னாலும். "கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடி!"

அவள் முகம் வெளுத்தது. "யாருடி சொன்னது? சார் சொன்னாரா?"

என் கண் திரைப் பக்கம் போய்விட்டது. அவளும் பார்த்தாள்.

"நாங்க பேசினதைப் படிச்சியா?" என்றாள். பையை எடுத்துக்கொண்டு, "படிச்சதுதான் படிச்சே, முழுசா படிச்சிருக்கக் கூடாதா?"

ஜூன் 6, வெள்ளி

முழுசா என்றால்? தேடிய சொல் உள்ள வரியை மட்டும்தான் அது காட்டும். முன்னும் பின்னும் நாலு வரி சேர்த்துக் காட்டச் சொல்லி மறுபடி ஓட்டினேன் — ஆமாம், மறுபடியும் திருட்டுத்தனம்தான்.

மேலே மேலாளர்: "டீம் லீடர்னா மாசத்துல பாதி நாள் வெளியூர் கிளைகளுக்குப் போகணும்."

கீழே அவள்: "ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவங்க அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறா. வெளியூர் இல்லாத பொறுப்பு வந்தா அவளுக்கே குடுங்க. அவளை மாதிரி வேலை தெரிஞ்சவங்க இங்க யாரு சார் இருக்கா?"

வெளியூர்! மாடிப்படியில் உட்கார்ந்து அவளிடம் அழுதது யார்? "என்னை வெளியூர் அனுப்பினா வேலையை விட்டுடுவேன், நீயாவது சார்கிட்ட சொல்லுடி" — நான்தானே? அதை எப்படி மறந்தேன்? இந்த மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஜூன் 9, திங்கள்

அரட்டையைத் துழாவிப் படித்ததை மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். "அந்தக் கோப்பு எதுவும் இனிமே உங்க கையில வேண்டாம்மா."

சுண்டெலியிடம் மன்னிப்புக் கேட்டேன், அதே எல்லோர் முன்னாலும். "சரி விடு" என்றாள். அவள் விட்ட மாதிரித் தெரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அரட்டையில் இப்போது யாரும் ஒரு வார்த்தை கூடுதலாக எழுதுவதில்லை. "சரி." "அனுப்பியாச்சு." அவ்வளவுதான். பிரிண்டர் மேல்கூடக் கோபமில்லை.

மதியம் சுண்டெலி எழுந்து என் மேசைக்கு வந்தாள். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். முன்பெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே அரட்டையில் தட்டிவிடுவாள்.

"பரவாயில்லை" என்றேன். நிமிர முடியவில்லை.

அவள் குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் இனிமே வாயால பேசிக்கலாம்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.