சூடு தெரியாத கால்

உறுவையாறு,
12.7.1987

அன்புள்ள அம்சா அக்காவுக்கு,

தங்கை தனக்கொடி எழுதுவது. நீ உனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டை விட்டுப் போனபோது நான் மூன்றாம் வகுப்பு. இப்போது ஒன்பதாவது. என் கையெழுத்து உனக்குத் தெரியாது. என்னோடு படிக்கிற ஜெயாவின் அக்காவிடம் உன் மெட்ராஸ் விலாசத்தைக் கெஞ்சி வாங்கினேன். எல்லாரும் தூங்கிய பிறகு, நெல் குதிருக்குப் பின்னால் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவார். உன் பேரைச் சொன்னதற்கே ஒருமுறை அம்மா இரண்டு நாள் பேச்சு வாங்கினாள்.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. வில்லியனூர் டாக்டர் கொடுத்த மாத்திரையை நினைவு வந்தால் போடுவார். புதன்கிழமை கரும்புக் கொல்லையிலிருந்து வந்தார். சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ரத்தக் கால்தடம். "அப்பா, காலுல ரத்தம்" என்றேன். "எங்கடி?" என்று கேட்டார். கரும்புக் கட்டை ஒன்று உள்ளங்காலில் குத்தி உடைந்து நின்றது, அக்கா. அதோடு கொல்லை முழுக்க நடந்திருக்கிறார். நான் பிடுங்கும்போது என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கால் கிணற்றுக் கல் மாதிரி சில்லென்று இருந்தது. சுண்டுவிரல் கறுத்திருக்கிறது.

நீ ஆஸ்பத்திரியில் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை பார்க்கிறாயாமே. என்ன செய்யலாம் சொல். பதிலை ஜெயா வீட்டு விலாசத்துக்குப் போடு.

பயத்துடன்,
தனக்கொடி

மெட்ராஸ்,
18.7.1987

என் கண்ணு தனத்துக்கு,

உன் கடிதத்தை உன் மாமாதான் முதலில் பிரித்தார். படித்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு வந்து என் டூட்டி முடியும்வரை ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தார். பேருந்தில் வாசித்தேன். இறங்கவேண்டிய இடம் தாண்டிவிட்டது.

சர்க்கரை நாள்பட்டால் காலின் நரம்புகள் மரத்துப்போகும். ரத்தமும் சரியாக இறங்காது. அதனால்தான் வலியும் தெரியவில்லை, புண்ணும் ஆறாது. சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீர் ஒத்தடம் மட்டும் கொடுத்துவிடாதே. வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. புண்ணைச் சுத்தமாகக் கழுவிக் கட்டு. மாத்திரையை வேளை தவறாமல் நீயே கையில் கொடு. அந்த டாக்டரிடம் விரலை உடனே காட்டச் சொல். பயிற்சி செய்யலாமா என்றும் கேட்கச் சொல். சரி என்றால் படுக்கவைத்துக் காலைச் சுவரில் சாய்த்துச் சிறிது நேரம் தூக்கிவை. பிறகு கட்டிலோரம் தொங்கவிட்டு, பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல். பிறகு சமமாக நீட்டிப் படுக்கட்டும். நடை புண் ஆறிய பிறகுதான்.

இங்கே லேசர் என்று ஒரு கருவி புதிதாக வந்திருக்கிறது. சிவப்பாய் மெல்லிய வெளிச்சம், புண்ணைச் சுற்றிக் காட்டுவோம். சிலருக்குக் கேட்கிறது. அது மட்டும் போதாது, பயிற்சிதான் முக்கியம் என்கிறார் எங்கள் பெரிய டாக்டர். எப்படியாவது அப்பாவை இங்கே வரவை. அந்த விரலைப் பற்றி நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். காலைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

என் பேரைச் சொல்லாதே.

உன் அக்கா,
அம்சவள்ளி

உறுவையாறு,
1.8.1987

அன்புள்ள அக்காவுக்கு,

வில்லியனூர் டாக்டர் பயிற்சி செய்யலாம் என்றார். விரலைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார். அதை மட்டும் அப்பா காதில் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பொய் சொல்லித்தான் அப்பாவைப் படுக்கவைத்தேன். "ஏண்டி, உங்க டீச்சரு என்னை இன்னா வவ்வாலுன்னு நெனச்சிக்கினாங்களா?" என்கிறார். ஆனால் செய்கிறார். புண் ஓரத்தில் சிவந்து வருகிறது. நல்லதுதானே?

இப்போது வேறு பயம். ஆடிக் கடைசி வெள்ளி திரௌபதி அம்மன் கோயில் தீமிதி. நேற்று அப்பா காப்புக் கட்டிக்கொண்டார். நான் அழுததற்கு, "போன வருசமே குண்டத்துல எனக்குச் சூடு தெரியலடி. ஆத்தா பூவா மாத்திட்டா. இந்தப் புண்ணு இன்னா செய்யும்?" என்றார். அவருக்கு ஏன் சூடு தெரியவில்லை என்று எனக்குத் தெரியும், அக்கா. எப்படிச் சொல்வேன்? சொன்னால் யார் சொன்னது என்று கேட்பாரே.

அம்மாவிடம் ஓடினேன். "அவரு யாருக்காக வருசா வருசம் எறங்குறாருன்னு நெனச்சிக்கினு கீற?" என்றாள். "போன எடத்துல அம்சா நல்லா இருக்கணும்னு. என்கிட்டகூட ஒருதரம்தான் சொன்னாரு."

இதை எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

தனக்கொடி

மெட்ராஸ்,
6.8.1987

தனம்,

இதனுள் அப்பாவுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஒளிக்காமல் அவர் கையில் கொடு. உன்னைக் கேட்டால் உண்மையைச் சொல். படிப்பை நிறுத்தினால் உன்னைப் படிக்கவைக்க நாங்கள் இருக்கிறோம்.

அக்கா

அப்பாவுக்கு, அம்சவள்ளி வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அவர் என்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கிறார். நீங்கள் கேட்டதை அம்மன் கொடுத்துவிட்டாள். சூடு தெரியாதது உங்கள் கால் மரத்துப்போனதால், அப்பா. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம்தான். எனக்காக நெருப்பில் நடந்தது போதும். இங்கே எங்கள் ஆஸ்பத்திரி வராந்தா நீளமானது. புண் ஆறியதும் அதில் என்னோடு நடங்கள்.

உறுவையாறு,
16.8.1987

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை ஒளிக்காமல் கொடுத்தேன். அப்பா படித்தார். மடித்து மடியில் செருகிக்கொண்டார். "எத்தினி நாளா எழுதற?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கொல்லைக்குப் போய்விட்டார். ஆனால் காலைச் சுவரில் தூக்கி வைக்கத் தவறவில்லை.

வெள்ளிக்கிழமை மஞ்சள் வேட்டியோடு குண்டத்துக்குப் போனார். நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம். எல்லாரும் இறங்கினார்கள். பூசாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா காப்பைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு குண்டத்தின் ஓரமாகவே சுற்றி வந்து, நெருப்பில் நடந்தவர்கள் கால் நனைக்கிற பால்குழிக்குப் பக்கத்தில் நின்றார். குனிந்து ஒரு கை பாலை அள்ளிக் காலில் விட்டுக்கொண்டார்.

பக்கத்துக் கொல்லை வீரப்பன் சும்மா இருப்பாரா? "இன்னா நமச்சிவாயம், நெருப்பு நாங்க மிதிக்கணும், பாலு உனக்கா?"

"எம் பொண்ணு நல்லாகீறாளாம்ப்பா" என்றார் அப்பா. "வேண்டுதலு தீந்துபோச்சி."

அக்கா, உன் பேச்சை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல்முறை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். சுண்டுவிரல் கறுப்பு அப்படியேதான் இருக்கிறது. அந்தச் சிவப்பு வெளிச்சம் சுடுமா என்று அப்பா கேட்கிறார். சுட்டாலும் உனக்குத் தெரியாதே என்றேன். சிரித்துவிட்டார்.

இதைப் பகலில், கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா ஒரு வரி எழுதவேண்டுமாம்.

உன் அன்புத் தங்கை,
தனக்கொடி

அம்சாவுக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு மாப்பிள்ளையை வரச் சொல்லவும். எனக்கு அவரை அடையாளம் தெரியாது. அவரே வந்து கூப்பிடட்டும்.
நமச்சிவாயம்