வால் இல்லாத ர

8 மார்ச் 2025, சனி, காலை 10.40. எழுத்துகள் 247. முடிந்தது.

என் கையெழுத்து இனி ஒரு ஃபான்ட். பெயர் 'சும்மா'. லேசாக வலப்பக்கம் சாய்வு, ஒரே தடிமனில் கோடு, அவசரமாகக் கிறுக்கிய தோற்றம். பிறந்தநாள் கார்டு, கேக் பெட்டி, கடை மெனு எல்லாவற்றுக்கும் கச்சிதம். நீளமான பத்திக்குப் போட்டால் கண் வலிக்கும். மரண அறிவித்தலுக்குப் போட்டால் அடி விழும்.

9 மார்ச்

குளுவாங் டவுனில் என் நண்பன் ரூபேந்திரன் தன் சாப்பாட்டுக் கடை மெனுவையே 'சும்மா'வுக்கு மாற்றிவிட்டான். "இப்பதான் மச்சான் வீட்டுச் சாப்பாடு மாதிரி தெரியுது லா. வெல ஏத்தலாம் போல!"

12 மார்ச்

அபர்ணாவோடு சண்டை. மே மாதம் எங்கள் கல்யாணம். அதற்குப் பிறகு அவள் அம்மா காஹாங்கில் தனியாக இருக்க வேண்டாம், கூலாயில் எங்களோடு இருக்கட்டும் என்றாள். "இருக்கிற வீட்டுல அவங்கள எங்க வைக்கிறது?" என்றேன்.

வைக்கிறதா? அவங்க என்ன ஃப்ரிட்ஜா? எனக்கு ஏன் இந்த வாய்?

"எங்கம்மாவுக்கு இடமில்லாத வீட்டுல எனக்கும் இடம் வேணாம் நிரஞ்சன்." போனை வைத்துவிட்டாள்.

14 மார்ச்

நீல டிக் விழுகிறது. பதில் இல்லை. கல்யாணம் நடக்குமா?

15 மார்ச்

கார்டு அடித்து அவள் வீட்டுக்கு அனுப்பினேன். ஒரே வரி, பெரிதாக, 'சும்மா'வில்: உன் அம்மா வரட்டும்.

17 மார்ச்

அலமாக், போச்சு! அபர்ணா போனில் கத்தினாள்.

"உன் அம்மா வாட்டும்னு கார்டு அடிச்சு அனுப்புவியா? என்னா திமிரு ஒனக்கு?"

கார்டு ஃபைலைத் திறந்து பார்த்தேன். அவசரத்தில் நான் ர-வுக்கு வால் போடுவதில்லை. ஃபான்டிலும் போடவில்லை. வால் போனால் ர வெறும் துணைக்கால். 'வரட்டும்', 'வாட்டும்' ஆகிவிட்டது. நம் வீடுகளில் அம்மா வரும், அம்மா திட்டும் என்றுதானே பேச்சு? இலக்கணம்கூடச் சரியாக உட்கார்ந்துவிட்டது! மெனுவில் யாருக்கும் தெரியவில்லை. ரசத்தை எப்படி எழுதினாலும் ரசம்தான். மன்னிப்பு அப்படி இல்லை.

விளக்கினேன். "அப்ப அதக்கூட நீ கையால எழுதல?" என்றாள்.

பின்னாலிருந்து அவள் அம்மாவின் சிரிப்பு. "மாப்பிள்ள சொன்னதுல தப்பில்லம்மா. கொஞ்சம் வாட்டத்தான் செய்வேன்."

அபர்ணா சிரிக்கவில்லை. "கூப்பிடணும்னா நேர்ல வந்து கூப்பிடு."

22 மார்ச்

காஹாங் போனேன். "அத்தை, அன்னிக்கு வாய்க்கு வந்தத பேசிட்டேன். எங்ககூட வந்து இருங்க." அவ்வளவுதான் வந்தது. அத்தை ஒரு கப் தே கலக்கிக் கொடுத்தார். பிறகு, "பின் ரூம்புல காத்து வருமா?" என்றார்.

செய்ய வேண்டியவை:

1. ர-வுக்கு வால். நீளமாகவே.
2. பின் அறையில் கிடக்கும் என் பிரின்டர், பெட்டிகள் எல்லாம் ஹாலுக்கு.
3. அந்த அறை ஜன்னலுக்குக் கொசுவலை.
4. அத்தையின் தையல் மெஷினை ஏற்ற ரூபேந்திரனிடம் வேன் கேட்க. முன் சீட்டில் அபர்ணா வருகிறாளாம்.