வலது ஓடும் இடது ஓடும்

மூட்டுவலிக்கு ஹோமியோபதி மாத்திரை வாங்கி வந்தேன். விரல் நீளக் கண்ணாடிக் குப்பி, வாயில் பஞ்சு. பார்த்த உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. பாறைகளை ஆராயும் நம் டெல்லி ஆபீசில், குஜராத்தின் கட்ச் பக்கத்துப் பாறையிலிருந்து எடுத்த கார்புலாக்களை இப்படிக் குப்பிகளில்தான் போட்டு வைப்போம். பருப்பு அளவுச் சிப்பிகள், கல்லாகிப் போனவை. அதே இனம் இன்றைக்கும் கடலில் உயிரோடு இருக்கிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் படம் வரைகிறவள். நீ டைப்பிஸ்ட், அதுவும் தற்காலிகம். ஆர்.கே.புரத்தில் ஒரே பஸ்ஸைப் பிடிப்போம், மத்தியானம் டப்பாவைப் பகிர்ந்துகொள்வோம். கும்பகோணத்துக்காரி சாம்பாரில் உப்பே இல்லை என்பாய். தூத்துக்குடிக்காரி கையில் உப்பளமே இருக்கிறது என்பேன்.

எழுபதுகளின் கடைசியில் சிப்பிப் பட்டியல் அச்சுக்குப் போக இருந்த நேரம். உன் வேலையை நிரந்தரமாக்கும் ஃபைலும் அந்தப் பட்டியலை எழுதிய அதிகாரியின் மேஜையில்தான் கிடந்தது. கார்புலாவில் இரண்டு வகை என்று அவர் எழுதியிருந்தார். பெரிதாக, வரிவரியாக இருப்பது ஒன்று. சிறிதாக, வழவழப்பாக இருப்பது இன்னொன்று. நானும் அப்படியே வரைந்து கொடுத்துவிட்டேன். நீதான் டைப் அடிப்பதைப் பாதியில் நிறுத்தினாய்.

"ஏட்டி, இங்க பாரு. பெருசு அம்புட்டும் வலது ஓடுன்னு இருக்கு. சிறுசு அம்புட்டும் இடது ஓடு. ஒத்தை ஓட்டோட எந்தச் சிப்பியாவது பொறக்குமாட்டி?"

என் படங்களைப் புரட்டிப் பார்த்தேன், நீ சொன்னது சரி. மாதக்கணக்கில் லென்ஸும் கையுமாக இருந்தவள் நான்.

நீ நேரே அவர் அறைக்குப் போனாய். "மேடம், ஆப் டைப்பிங் தேகியே" என்றார், உன் வேலையைப் பார் என்கிற மாதிரி. டைப்பிங்கைப் பார்த்ததால்தான் சார் தெரிந்தது என்று உனக்கு வந்த இந்தியில் சொல்லிவிட்டு வந்தாய்.

"ஃபைல் அவர்கிட்ட இருக்குடி, பேசாம இரேன்" என்று கெஞ்சினேன்.

"தப்புன்னு தெரிஞ்ச பொறவு கை எப்படிட்டி ஓடும்?"

நான்கு நாள் சாப்பாட்டு நேரத்தில், கட்ச் பாறையோடு வந்து மிச்சமிருந்த களிமண் கட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் புடவை ஊக்கால் நோண்டினோம். ஐந்தாம் நாள் மூடிய சிப்பி ஒன்று முழுசாக வந்தது. வரி போட்ட பெரிய வலது ஓட்டுக்குள் வழவழப்பான சின்ன இடது ஓடு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இரண்டு வகையே இல்லை, ஒரே சிப்பியின் இரண்டு பாதி. அதிகாரி லென்ஸில் குனிந்து சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு படத்தை மாற்றச் சொன்னார், என்னிடம். உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த மாதம் உன் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அந்த அளவுக்கு நல்ல மனுஷன்தான்.

அச்சான புத்தகத்தில் உன் பெயர் எங்குமே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. நீயோ பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாய். கம்பியைப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் நின்றபோது எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, நீ போய்ச் சேர்ந்த பிறகும் அது குறையவில்லை.

அதன் பிறகு, ஓய்வு பெறும் வரை, நான் வரைந்த எந்தப் படமும் முதலில் அதிகாரியிடம் போனதில்லை. டைப் அடிக்கிற பெண்களிடம் போனது. "எங்களுக்கு என்ன மேடம் தெரியும்?" என்று சிரிப்பார்கள். ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்து, உன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.