கயிறு கட்டிய உப்புத்தரை

கெர்கென்னா தீவு, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஹைஃபாவுக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன், நீயும் அந்த ஜெர்மன் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவின் நாற்பதாம் நாள் ஓதல் குறைவில்லாமல் நடந்தது, ஸ்ஃபாக்ஸ் நகரிலிருந்து மாமா படகில் வந்தார், ஜெர்மன் விசா புதுப்பிக்காமல் நீ கிளம்பினால் திரும்பிப் போக முடியாது என்று கேட்டவர்களிடம் சொன்னேன், யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை.

ஒரு செய்தியைத் தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் உப்புத்தரையில் உன் ஆராய்ச்சிக்காக நீ கயிறு கட்டி வைத்திருந்த பாசித்தோல் இப்போது இல்லை. ஓதலுக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு ஷாதிலியாவும் மற்றப் பெண்களும் துக்க வீட்டைச் சுத்தம் செய்ய வந்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, மண்வெட்டியோடு பின்னால் போய் அந்தப் பாசித்தோலைச் சுரண்டி அள்ளிவிட்டார்கள். நான் முன்கூடத்தில் துக்கம் கேட்க வந்தவர்களோடு இருந்தேன். பிறகு கேட்டபோது ஷாதிலியா, “அழுகின முட்டை நாத்தம், அண்ணே. ஓதறவங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டா ஓதுவாங்க? பாவம் மொங்கியா அக்கா, வெட்கப்பட்டுத்தானே யாரும் மிதிக்காம கயிறு கட்டி வச்சிருந்தாங்க” என்று உன் அம்மாவைச் சொன்னாள். அது ஹைஃபாவின் படிப்பு என்றேன். “பாசியிலே படிப்பா! அப்போ எங்க வீட்டுக் கிணத்தடிக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாம்” என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள்.

கொட்டிய இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். மேலே பச்சை, நடுவில் ஊதா, அடியில் கறுப்பு, ஒவ்வொரு நுண்ணுயிர்க் கூட்டத்துக்கும் ஓர் அடுக்கு, மேலே உள்ளவை வெயிலில் சமைப்பதைக் கீழே உள்ளவை தின்னும், எல்லாம் சேர்ந்துதான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று அம்மாவுக்கு நீ சொல்லிக்கொடுத்தாய், அவளும் ஆடுகளை விரட்டி, வாராவாரம் படம் எடுத்து அனுப்பினாள். இப்போது அடுக்கெல்லாம் புரண்டு காய்ந்து நொறுங்கிக் கிடக்கிறது. காற்றடித்தால் சமையலறை வரை மணல் வருகிறது. ஒரு துண்டைத் தட்டில் போட்டுக் கடல்நீர் ஊற்றி வைத்தேன், ஓரத்தில் கொஞ்சம் பச்சை திரும்பியது, ஆனால் கலைந்த கூட்டம் மறுபடி அதே வரிசையில் உட்காருமா என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத்தான் தெரியும்.

வசந்தத்தில் கடைசி அளவெடுக்க வருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாய். இனி இங்கே அளக்க ஒன்றுமில்லை. விசா புதுப்பித்துக் கிடைத்தால் அப்போதும் வருவாயா? கேட்கத் தயக்கமாக இருந்தது, கேட்டுவிட்டேன்.

அல்லாஹ் உன்னைக் காக்கட்டும், உன் உழைப்புக்கு வேறு வழி திறக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. பேராசிரியருக்குக் காரணம் எழுதும்போது ஷாதிலியாவின் பெயரைப் போடாதே. துக்க வீட்டைச் சுத்தம் செய்தார்கள் என்று மட்டும் எழுது.

உன் அப்பா,
தையிப்