ஓ.டி. ஏறிய பே ஸ்லிப்

ஜூன் 10, செவ்வாய்.

மகளுக்குக் கட்டணச் சலுகை கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். காரணம் என் பே ஸ்லிப். கடைசி மூன்று மாதத்தினுடையதைக் கேட்டார்கள். அந்த மூன்று மாதமும் அவள் கட்டணத்துக்காகத்தான் ஞாயிறுகூட விடாமல் கம்பெனியில் ஓ.டி. பார்த்தேன். அதுவே என்னை வசதியானவன் ஆக்கிவிட்டது.

"ஓ.டி. எப்பவும் வராது மேடம். ஆர்டர் கொறஞ்சா அதுவும் நின்னுடும்," என்றேன்.

"பேப்பர்ல இன்னா இருக்கோ அதத்தான் சார் பாக்க முடியும்," என்றார் அலுவலகத்து அம்மா.

எங்கள் ஹவுஸ் ஓனர் பையனுக்குச் சலுகை கிடைத்துவிட்டது. அவருக்கு ஒரகடத்தில் ஆறு வீட்டு வாடகை வருகிறது. விவசாயி என்று வருமானச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். மாதாமாதம் நான் அவர் கையில் கொடுக்கும் வாடகை எந்தப் பேப்பரிலும் இல்லை. நான் தூங்காமல் நின்ற நேரம் மட்டும் பைசா சுத்தமாக அச்சாகி வருகிறது. அவர் மேல் கோபமா, என் மேலா, தெரியவில்லை.

சாயங்காலம் சூப்பர்வைசர் போன் செய்தார். "ஞாயித்துக்கெழம ஓ.டி. கீதுப்பா, வர்றியா?"

வருகிறேன் என்றேன். முழுக் கட்டணம் கட்ட வேண்டுமே. அதுவும் ஸ்லிப்பில் ஏறும்.